எஞ்சின், கியர்பாக்ஸ், கிராங்க் ஷாஃப்டை லாரி பார்சலில் அனுப்புவோருக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ரீகண்டிஷனுக்கு (பழுதுபார்த்துப் புதுப்பிக்க) வரும் சரக்கு பெரும்பாலும் அடிபடுவது ஏற்றி இறக்கும் இடத்தில்தான். கட்டும்போதே கவனித்தால் இதைத் தவிர்க்கலாம்.

ஆயிலையும் தண்ணீரையும் முழுக்க வடித்துவிடுங்கள். டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) வாயில் வேஸ்ட் துணியைத் திணிக்கவே வேண்டாம். எடுக்க மறந்து ஸ்டார்ட் செய்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும், டர்போ போய்விடும். பிளாஸ்டிக் மூடி போடுங்கள், அல்லது தகடு வெட்டி போல்ட் முறுக்குங்கள்.

எஞ்சினை ஆயில் சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) மேல் உட்கார வைக்கக் கூடாது. தகட்டு சம்ப் நசுங்கி ஸ்ட்ரெய்னரில் (ஆயில் உறிஞ்சும் வாயிலுள்ள வடிகட்டியில்) முட்டினால் ஆயில் சரியாக ஏறாது. பிரஷர் விழுந்து பேரிங் பிடித்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் சின்ன நெளிசல்தான், செலவோ முழு எஞ்சினுக்கு. மவுண்டிங் கால்களை மரச்சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். கயிறு மட்டும் போதாது, குலுங்கக் குலுங்கத் தளர்ந்துவிடும். கியர்பாக்ஸில் நீட்டியிருக்கும் இன்புட் ஷாஃப்டைச் சுற்றிப் பலகைக் கூடு அவசியம்.

கிரைண்டிங் முடிந்த கிராங்க் ஜர்னலை (பேரிங்கில் உட்காரும் வழவழப்பான பகுதியை) வெறும் கையால் தொடாதீர்கள். வியர்வை பட்ட இடத்தில் விரல் ரேகையாகவே துரு ஏறும். துருத்தடுப்பு எண்ணெய் பூசி, வி.சி.ஐ. காகிதம் (துருவைத் தடுக்கும் ஆவி விடும் தாள்) சுற்றி, மேலே பாலித்தீன் போடுங்கள். சாக்கும் காயாத மரமும் ஈரம் காக்கும், அவை உலோகத்தில் படவே கூடாது. நாள்பட வைப்பதென்றால் கிராங்கை, ஃபிளாஞ்ச் (ஃபிளைவீல் மாட்டும் தட்டையான முனை) கீழே இருக்க நிமிர்த்தி, சாயாமல் சுவரோடு கட்டுங்கள். இரு முனையில் மட்டும் தாங்கிப் படுக்க வைத்தால் வளைய இடமுண்டு.

கியர்பாக்ஸை கம்ப்ரசர் அதிரும் தரையில் வைக்காதீர்கள். ஷாஃப்ட் சுழலாமல் அதிர்வு மட்டும் விழுந்தால் பேரிங்கில் ஒரே இடத்தில் குழி விழும். மாதம் ஒருமுறை கையால் கொஞ்சம் சுற்றி, வேறு நிலையில் நிறுத்துங்கள்.

டெலிவரி எடுக்கும்போது, பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உடைசல் இருந்தால் எல்.ஆர். (லாரி புக்கிங் ரசீது) காப்பியிலேயே எழுதி, குடோன் ஊழியரிடம் கையெழுத்து வாங்கி, போட்டோ எடுங்கள். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007-ன்படி, நஷ்டஈட்டுக்கு வழக்குப் போட வேண்டுமானால் புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் லாரி கம்பெனிக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். பில் மதிப்பு பெரிதென்றால் தனியாக இன்சூரன்ஸ் எடுத்துவிடுங்கள்.

நாங்கள் அனுப்பும் மரச்சட்டத்தை உடைத்து விறகாக்க வேண்டாம். நீங்கள் மாற்றாகத் தரும் பழைய எஞ்சினை அதே போல்ட் துளைகளில் மாட்டித் திருப்பி அனுப்பலாம்.