உயரப் போனால் எண்ணெய் கூடவா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் மாணவர் பக்கத்தில் ‘விமானம் உயர உயர எரிபொருள் கூடுதலாகச் செலவாகும்’ என்று ஒரு வரி வந்திருந்தது. தரம் 9 படிக்கும் என் பேத்தி அதை அப்படியே கொப்பியில் எழுதிவிட்டாள். பிழை என்றேன். “பேப்பரில போட்டிருக்கே, அப்பப்பா” என்கிறாள்.

நெல்மூட்டை ஏற்றிய உழவு இயந்திரம் குளக்கட்டில் ஏறும்போது புகை கக்கும். கட்டுக்கு மேலே வந்ததும் சத்தம் அடங்கும். விமானத்திலும் பாதிக் கதை இதுதான். ஏ320 போன்ற விமானம் எழும்பும்போது இரண்டு என்ஜின்களும் தலா 12 தொன் அளவு உந்துவிசை கொடுக்கும். நிமிடத்துக்கு 120 கிலோவுக்கு மேல் எரியும். 35,000 அடியில் ஏறி முடித்து நேராகப் போகும்போது காற்றின் தடைக்கு ஈடுகொடுத்தால் போதும். 70 தொன் விமானத்துக்கு அது ஏறத்தாழ 4 தொன்தான், ஆளுக்கு இரண்டு. எரிவதும் நிமிடத்துக்கு 40 கிலோ அளவுக்கு இறங்கிவிடும்.

மற்றப் பாதி உழவு இயந்திரத்தில் இல்லாதது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. என்ஜின் அங்கே 12 தொன் தர நினைத்தாலும் முடியாது. விசிறி மட்டும் மும்முரமாகத்தான் சுற்றும். கட்டுரைக்காரர் அந்தச் சுற்றைப் பார்த்துச் செலவைக் கணக்குப் போட்டுவிட்டார் போலும். மணிக்கு 830 கி.மீ. போக விடுவதும் அந்த மெல்லிய காற்றுத்தான். அதே வேகத்தில் பனைமர உயரத்தில் போகப் பார்த்தால் எண்ணெய் கட்டாது.

எண்ணெய் என்றதும் ஒன்று. பேத்தி நம்பவே மாட்டேன் என்கிறாள், ஜெட் விமானத்தில் எரிவது ஒருவகை மண்ணெண்ணெய். 90களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் நானும் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினவன். காபரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, சூடேறின பிறகு மாற்றுவோம். மாங்குளத்தில் இருந்து மல்லாவிக்கு வருவதற்குள் பிளக் கரிபிடித்துவிடும். இறங்கித் துடைத்துவிட்டுத்தான் மறுபடி மிதி. அப்போது மேலே பிளேன் சத்தம் கேட்டால் எண்ணெய்க் கணக்கா பார்த்தோம், பங்கரைத்தானே தேடினோம்.

சரி, ஞாயிற்றுக்கிழமை ஒரு திருத்தம் போடுங்கள். பேத்தி அந்த வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறாள். பேப்பரில் வரும்வரை வெட்ட மாட்டாளாம்.

இப்படிக்கு,
பழைய கராஜ்காரன்,
மல்லாவி.