முன்சக்கரத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம்

அன்புள்ள குமார்,

படங்கள் வந்து சேர்ந்தன. பாப்பா அதற்குள் சைக்கிள் ஓட்டுகிறாளா! நான் கடைசியாகப் பார்த்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சரி, படம் எப்படி என்று கேட்டிருந்தாய், ஒளிக்காமல் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

முக்கால்வாசிப் படங்களில் அவள் முகம் நட்டநடுவில் இருக்கிறது. ஃபோகஸ் புள்ளி நடுவில் இருப்பதால் நம் எல்லோருக்கும் வரும் பழக்கம்தான் இது, ஆனால் முகத்தை நடுவில் வைத்தால் தலைக்கு மேலே பாதிப் படம் வெறும் வானமாகி, கீழே கணுக்காலோடு கால் வெட்டுப்பட்டுவிடுகிறது, கவனித்தாயா? நாலாவது படத்தில் இன்னொரு கூத்து. முன்சக்கரம் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது, எதிலோ மோதப்போகிறாள் என்று எனக்கே பதறியது. போகிற திசையில், பார்க்கிற திசையில் கொஞ்சம் இடம் விடு. அவள் வலப்பக்கம் போகிறாள் என்றால் இடப்பக்கக் கோட்டில் வை.

கோடு என்றேனே, கேமரா செட்டிங்கில் கிரிட் என்று இருக்கும், போட்டுக்கொள், திரையில் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு கோடு தெரியும். படத்தை மூன்று மூன்றாகப் பிரிக்கும் இந்தக் கணக்கை ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் 1797-லேயே எழுதிவிட்டார், புகைப்படம் என்ற ஒன்று வருவதற்கு முன்பே. அதற்காக அதைச் சட்டமாகப் பிடித்துக்கொண்டு தொங்காதே. அவள் நேராக உன்னைப் பார்த்துச் சிரிக்கும் அந்தக் கடைசிப் படம் நடுவில் இருப்பதால்தான் நன்றாக இருக்கிறது, அதைத் தொடாதே.

அப்புறம், அகலமாக நிறைய இடத்தை அடக்கும் வைட் லென்ஸில் ஆளை ஓரத்தில் நிறுத்தாதே, முகம் இழுபடும். ஒரு குரூப் போட்டோவில் என் தம்பியை அப்படி நிறுத்திவிட்டு இன்றுவரை திட்டு வாங்குகிறேன்.

பிறகு கிராப் செய்துகொள்ளலாமே என்பாய். செய்யலாம், 24 மெகாபிக்சல் படத்தில் நீளத்தையும் அகலத்தையும் பாதியாக வெட்டினாலும் 6 மெகாபிக்சல் மிஞ்சும், சாதாரண பிரிண்டுக்கு அது தாராளம். ஆனால் முன்சக்கரத்துக்கு முன்னால் நீ எடுக்காமல் விட்ட இடத்தை எப்படிக் கிராப் செய்வாய்? அதனால் இரண்டு எட்டு பின்னால் போ, அழுத்துவதற்கு முன்னால் நாலு ஓரத்தையும் ஒரு சுற்று பார்த்துக்கொள், அவளை இன்னொரு ரவுண்டு ஓட்டச் சொல். எடுத்ததும் அனுப்பு, பாப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்