“அவங்க என்ன தப்பு பண்ணாங்க, மிஸ்?” – சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சக ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு 21 வருடமாகச் சமூக அறிவியல் நடத்தி வருகிறேன். ஒரு பழைய விடைத்தாள்தான் என்னை இதை எழுத வைக்கிறது. அந்தத் தாள் இப்போது எங்கே இருக்கிறதோ தெரியாது. அதில் சிவப்பு மையில் நான் போட்ட ஐந்துக்கு ஐந்து மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். இரண்டாம் உலகப் போர்ப் பாடம் முடியும் கட்டத்தில் இருந்தது. ஹிட்லரின் ஆட்சி யூதர்களைக் கொன்றதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். “60 லட்சம் பேரைக் கொல்ற அளவுக்கு அவங்க என்ன தப்பு பண்ணாங்க, மிஸ்?” விளையாட்டுக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். மணியடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. “யூதர்கள்கிட்ட பணம் இருந்துச்சு, வட்டிக்கு விட்டாங்க. ஜெர்மன்காரங்க வறுமையில கிடந்தாங்க. அந்தக் கோபம்தான்” என்றேன். எனக்குப் பாடம் எடுத்தவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அரையாண்டுத் தேர்வில் அவன் எழுதியிருந்தான்: “யூதர்கள் வட்டி வாங்கி மக்களைச் சுரண்டியதால் ஹிட்லர் அவர்களை அழித்தார்.” தலைப்புக்கு அடிக்கோடு, முத்து முத்தான கையெழுத்து. முழு மதிப்பெண் போட்டேன்.

கொன்றவன் சொன்ன காரணத்தையே பதினைந்து வயதுப் பையனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், அதை எழுதியதற்காக மதிப்பெண்ணும் கொடுத்திருக்கிறேன். இது எனக்கு உறைக்க ஏழெட்டு வருடம் ஆயிற்று.

நாம் நடத்தும் பாடத்தை நீங்களே யோசித்துப் பாருங்கள். வெர்சாய் உடன்படிக்கை, பொருளாதார மந்தம், ஹிட்லரின் பிறப்பு, பேச்சு, எழுச்சி, வீழ்ச்சி. கேள்வியும் அதிலிருந்துதான் வருகிறது. பாடம் முடிந்து வெளியே போகும் பிள்ளைக்கு ஹிட்லரின் வாழ்க்கை வரலாறு தெரிந்திருக்கும். கொல்லப்பட்ட 60 லட்சம் பேரில் ஒருவர் பெயரைக் கேளுங்கள். அதிகம் போனால், நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆனி ஃபிராங்க். அதற்கு மேல் ஒரு பெயரும் வராது. நம் ஊர் நடைபாதைக் கடைகளில் ஹிட்லரின் தன்வரலாறு தன்னம்பிக்கைப் புத்தகங்களுக்கு நடுவே அடுக்கிக் கிடக்கிறது. கண்டிப்பான அப்பாவுக்கும், உடற்பயிற்சி ஆசிரியருக்கும் பிள்ளைகள் வைக்கும் பட்டப்பெயரும் ‘ஹிட்லர்’தான். நம் பாடம் இதற்கெல்லாம் தடையாக இல்லை, துணையாக இருக்கிறது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். 1933-ல் ஜெர்மனியில் யூதர்கள் சுமார் 5 லட்சம் பேர். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. முதல் உலகப் போரில் ஏறக்குறைய ஒரு லட்சம் யூதர்கள் ஜெர்மன் ராணுவத்தில் இருந்தார்கள். அவர்களில் சுமார் 12,000 பேர் அந்த நாட்டுக்காகச் செத்தார்கள். அதற்குப் பிறகும், ஜெர்மனி அந்தப் போரில் தோற்றதற்கு ‘முதுகில் குத்தினார்கள்’ என்ற பழி அவர்கள் மேலேயே விழுந்தது. கொல்லப்பட்டவர்களில் பாதிப்பேர், சுமார் 30 லட்சம், போலந்து யூதர்கள். துணி தைத்தவர்கள், செருப்பு தைத்தவர்கள், மூட்டை சுமந்தவர்கள், சின்னக் கடை வைத்திருந்தவர்கள். வட்டிக்காரன் என்ற அந்தப் படத்தில் இவர்கள் யாரும் இல்லை.

வட்டித் தொழிலின் கதையைக்கூட முழுதாகச் சொல்ல வேண்டும். மத்திய கால ஐரோப்பாவில் கிறிஸ்தவர் வட்டி வாங்குவதைத் திருச்சபை பாவம் என்றது. பல இடங்களில் யூதருக்கு நிலம் வைத்துக்கொள்ள உரிமையில்லை, கைவினைஞர் சங்கங்களில் இடமில்லை. மிச்சமிருந்த தொழில்களில் ஒன்று அது. மன்னர்கள் அவர்களிடமிருந்து வரியாகப் பிடுங்கினார்கள், பிடுங்க ஒன்றுமில்லாதபோது துரத்தினார்கள். இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு 1290-ல் துரத்தியவர்கள் மறுபடி அங்கே வெளிப்படையாக வாழ 1656 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நான் இப்போது வகுப்பில் தவறாமல் சொல்வது ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தின் கதையை. 1348-ல் கொள்ளை நோய் ஐரோப்பாவைச் சூறையாடிக்கொண்டிருந்தது. யூதர்கள் கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள் என்று ஊருக்கு ஊர் வதந்தி. 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பர்கில் யூதர்களைக் கூட்டமாக எரித்தார்கள். அவர்களிடம் மற்றவர்கள் பட்டிருந்த கடன்கள் ரத்தாயின. இதில் பிள்ளைகளுக்குத் தூக்கிவாரிப் போடும் விஷயம் ஒன்று உண்டு: அன்றைக்கு அந்த ஊருக்குள் நோய் இன்னும் வரவே இல்லை. “அப்போ எதுக்கு மிஸ் எரிச்சாங்க?” என்று நாலைந்து பேர் சேர்ந்து கேட்பார்கள். கேள்வி அங்கே திரும்பிவிடுகிறது. செத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை விட்டு, எரித்தவர்கள் ஏன் எரித்தார்கள் என்று கேட்கத் தொடங்குகிறார்கள்.

இது ஐரோப்பாவோடு நின்ற கதையும் இல்லை. நம் மூலிகைகளைப் பற்றி 1563-ல் கோவாவில் நூல் வெளியிட்ட போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்தா, கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் 1568-ல் இறந்தார். மறு வருடம் அவருடைய சகோதரி கத்தரீனாவைக் கோவாவில் கத்தோலிக்கத் திருச்சபையின் மத விசாரணை மன்றத் தீர்ப்பின்படி உயிரோடு எரித்தார்கள், ரகசியமாக யூத மதத்தைப் பின்பற்றினார் என்பது குற்றம். 1580-ல் ஓர்தாவின் எலும்புகளையும் தோண்டி எடுத்து எரித்தார்கள். அவர் இறந்த அதே 1568-ல்தான், இதே கடற்கரையில் சற்றுத் தெற்கே, கொச்சி ராஜா தன் அரண்மனைக்குப் பக்கத்தில் கொடுத்த நிலத்தில் பரதேசி யூதர்களின், அதாவது வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய யூதர்களின், தொழுகைக்கூடம் எழுந்தது. சுற்றுலா போனால் பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். இன்றும் நிற்கிறது.

ஹிட்லரின் நாஜிக் கட்சி ஆண்ட காலத்துக்கு வரும்போது, யூதர்களைக் கொன்ற விஷவாயு அறைகளிலிருந்து தொடங்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அது முடிவு. கரும்பலகையில் நான் தேதிகளை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவேன். 1933 ஏப்ரல் 1, யூதர் கடைகளில் வாங்காதே. ஏப்ரல் 7, அரசு வேலையிலிருந்து நீக்கம். ஏப்ரல் 25, பள்ளி, கல்லூரிகளில் யூத மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு. 1935 செப்டம்பர், குடியுரிமை பறிப்பு, கலப்புத் திருமணத்துக்குத் தடை. 1938 ஆகஸ்ட், ஆண்கள் தங்கள் பெயரோடு ‘இஸ்ரேல்’ என்றும் பெண்கள் ‘சாரா’ என்றும் சேர்த்துக்கொள்ள உத்தரவு. நவம்பர் 9 இரவு தொழுகைக்கூடங்கள் எரிந்தன, சுமார் 30,000 ஆண்களைப் பிடித்துப் போனார்கள். அதே மாதம் 15-ம் தேதி, ஜெர்மன் பள்ளிகளில் மிச்சமிருந்த யூதப் பிள்ளைகள் அத்தனை பேரும் வெளியே. 1941 செப்டம்பர், ஆறு வயதுக் குழந்தையின் சட்டையிலும் யூதர் என்று காட்டும் மஞ்சள் நட்சத்திரம். 1942 மே, வீட்டில் நாய், பூனை, பறவை வளர்க்கக் கூடாது.

கடைசி வரியை எழுதியதும் வகுப்பில் சத்தம் அடங்கிவிடும். எந்த வருடமும் இது தவறியதில்லை. போன வருடம் முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண், “அந்த நாயெல்லாம் என்ன ஆச்சு மிஸ்?” என்று மெதுவாகக் கேட்டாள். டிரெஸ்டனில் வேலையிழந்து வாழ்ந்த பேராசிரியர் விக்டர் கிளெம்பெரரின் நாட்குறிப்பில் பதில் இருக்கிறது. அவரும் மனைவியும் வளர்த்த பூனையின் பெயர் முஷெல். அதிகாரிகள் கையில் கொடுப்பதற்கு மனமில்லாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொல்லக் கொடுத்தார்கள். சொன்னேன். அந்தப் பெண் புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். நானும் அன்று அதற்கு மேல் நடத்தவில்லை.

பட்டியலை எழுதி முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: பக்கத்து வீட்டுக்காரர் வாய் திறந்திருந்தால் எந்தத் தேதியில் பலன் இருந்திருக்கும்? பாடவேளை முழுக்க விவாதம் ஓடும். 1942 என்று யாரும் சொன்னதில்லை.

இரண்டு காரியங்களைச் செய்யாதீர்கள். அட்டையில் நட்சத்திரம் வெட்டி, பாதி வகுப்பை யூதராகவும் பாதியை நாஜியாகவும் நடிக்க வைக்கும் பழக்கம் சில பள்ளிகளில் உண்டு. நாஜியாக நடிப்பவனுக்கு அது குஷியாகிவிடுகிறது. யூதராக நடிப்பவள், தனக்கு எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறாள். 40 நிமிடத்தில் அது யாருக்கும் தெரிந்துவிடாது. அடுத்தது, பிணக்குவியல் படங்கள். போர் முடிவில் முகாம்களை விடுவித்தபோது எடுத்தவை போக, நமக்குக் கிடைக்கும் படங்களில் ஏராளமானவை கொலைகாரர்களே எடுத்தவை. ஆடையை உருவி நிறுத்தியவனின் கண் வழியாகத்தான் அந்தப் பெண்களை நாமும் பார்க்கிறோம். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அதிலிருந்து கிடைப்பது பயமும் அருவருப்பும்தான்.

அவற்றுக்குப் பதில் போலந்தின் தலைநகர் வார்சாவைக் காட்டுங்கள். 1940-ல் நகரின் ஒரு பகுதியைச் சுவர் வைத்து அடைத்து, 4 லட்சம் யூதர்களுக்கு மேல் உள்ளே திணித்தார்கள். அங்கே இருந்த இம்மானுவேல் ரிங்கல்ப்ளம் நம்மைப் போல வரலாறு நடத்திய ஆசிரியர். எழுத்தாளர்கள், ஆசிரியர்கள் என்று பல பேரைச் சேர்த்துக்கொண்டு ரகசியமாக ஓர் ஆவணக் காப்பகம் தொடங்கினார். யூதர்களைப் பற்றி நாஜிகள் எழுதப்போவதை மட்டும் உலகம் படிக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். நாட்குறிப்பு, ரேஷன் அட்டை, டிராம் டிக்கெட், மிட்டாய்க் காகிதம், பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கட்டுரை என்று எதையும் தூரப் போடவில்லை. பசியைப் பற்றி, கடத்தி வந்த ரொட்டியின் விலையைப் பற்றி, தெருப் பாட்டைப் பற்றி எழுதி எழுதிச் சேர்த்தார்கள்.

1942 ஜூலை 22 அன்று அங்கிருந்து ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ஆட்களை ரயிலில் ஏற்றத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில், நொவோலிப்கி தெரு 68-ம் எண் பள்ளிக் கட்டடத்தின் அடித்தளத்தில், இஸ்ரேல் லிக்டென்ஸ்டைன் என்ற ஆசிரியரும் அவருடைய பழைய மாணவர்கள் இருவரும் 10 தகரப் பெட்டிகளைப் புதைத்தார்கள். மாணவர்களில் ஒருவன் டேவிட் கிராபர், வயது 19. இன்னொருவன் நாகும், வயது 18. அவசர அவசரமாக ஆளுக்கொரு குறிப்பு எழுதிப் பெட்டிக்குள் வைத்தார்கள். உலகத்தைப் பார்த்துக் கூவ முடியாததை, அலற முடியாததை மண்ணில் புதைத்தோம் என்று எழுதினான் டேவிட். லிக்டென்ஸ்டைன் தனக்காக எதுவும் கேட்கவில்லை. ஓவியரான என் மனைவி கேலாவை நினைவில் வையுங்கள், என் மகள் மர்கலித்தை நினைவில் வையுங்கள், இன்று அவளுக்கு 20 மாதம் என்று எழுதினார். அந்தக் குடும்பத்தில் யாரும் பிழைக்கவில்லை. ரிங்கல்ப்ளத்தை 1944 மார்ச்சில் மனைவி, மகனோடு சுட்டுக் கொன்றார்கள். பெட்டிகளை 1946 செப்டம்பரில் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்தார்கள். பிற்பாடு புதைத்த காகிதங்கள் இரண்டு பால் கேன்களில் இருந்தன, அவை 1950-ல் கிடைத்தன.

ஒரு பள்ளிக்கூடம், ஓர் ஆசிரியர், இரண்டு மாணவர்கள். இதை நாம் நடத்தாமல் வேறு யார் நடத்துவது? “ஏன் எதிர்த்துப் போராடாம ஆடு மாதிரி போனாங்க?” என்று கேட்கும் பிள்ளைக்கு, 1943 ஏப்ரல் 19 அன்று அதே வார்சாவில் கைத்துப்பாக்கிகளோடும் கையால் செய்த குண்டுகளோடும் இளைஞர்கள் எழுந்து ஏறக்குறைய ஒரு மாதம் தாக்குப்பிடித்ததைச் சொல்லலாம். சொல்ல வேண்டும். ஆனால் மண்ணுக்குள் பெட்டி இறக்கிய டேவிட்டும் எதிர்த்துத்தான் நின்றான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வி நிச்சயம் வரும். “இப்ப காசாவுல இஸ்ரேல் பண்றது மட்டும் சரியா மிஸ்?” கேட்ட பிள்ளையை உட்காரச் சொல்லிவிடாதீர்கள். ஓர் அரசு செய்வதை அந்த அரசின் செயலாக வைத்து விசாரிக்கலாம், கண்டிக்கலாம். காசாவில் சாகும் குழந்தைக்காகப் பதறும் மனசு நல்ல மனசு. ஆனால் அந்தக் கோபத்தில் ‘ஹிட்லர் செய்தது சரிதான்’ என்று வாட்ஸப்பில் வருவதை அவன் முன்னனுப்பினால் அங்கே நிறுத்த வேண்டியது நம் வேலை. ஏதோ ஒரு நாட்டு அரசுக்காக உலகத்திலுள்ள யூதர் எல்லோரையும் பொறுப்பாக்குவதும், கிணற்றில் விஷம் என்று ஓர் ஊரின் யூதர்களை எரித்ததும் ஒரே கணக்குதான். 20 மாதக் குழந்தை மர்கலித் எந்த நாட்டுக்கும் பிரதமராக இருந்ததில்லை.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. பாடத்திட்டம் மாறக் காத்திருக்க வேண்டாம். இருக்கிற பாடவேளைகளில் ஒன்றை ஹிட்லரிடமிருந்து எடுத்து வார்சாவுக்குக் கொடுங்கள். ஜெருசலேமில் உள்ள யாத் வஷேம் நினைவகம் சுமார் 50 லட்சம் பெயர்களைத் திரட்டி இணையத்தில் வைத்திருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு தொழில் என்று எழுதிவரச் சொல்லுங்கள். வினாத்தாள் தயாரிப்பவர்கள் ஹிட்லரின் எழுச்சிக்குக் காரணம் கேட்கும் வருடங்களில் ஒரு வருடமாவது ரிங்கல்ப்ளம் என்ன செய்தார் என்று கேளுங்கள். ஆசிரியர் பயிற்சி நடத்துபவர்கள் ‘யூதர்கள் ஏன் வெறுக்கப்பட்டார்கள்’ என்ற தலைப்பையே மாற்றி எழுதுங்கள்.

அந்தப் பையனைப் போன மாசி மாதம் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். செல்போன் கடை வைத்திருக்கிறான், பெண் குழந்தை பள்ளிக்குப் போகிறாள். டீ வாங்கிக் கொடுத்தான். அந்த விடைத்தாளைப் பற்றிச் சொன்னேன், நான் சொல்லிக்கொடுத்தது தப்பு, போட்ட மார்க்கும் தப்பு என்றேன். பரீட்சை அவனுக்கு ஞாபகமில்லை. கேள்வி ஞாபகமிருந்தது.

“அப்போ அவங்க என்னதான் மிஸ் பண்ணாங்க?”

“ஒண்ணும் பண்ணலப்பா” என்றேன்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி