யாழினியின் மூச்சு

காவேரிப்பட்டணம்,
பங்குனி 12

அன்புள்ள மல்லிகா,

தீபாவளிக்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை. நீ திட்டியிருப்பாய், அந்தக் கணக்கை நேரில் தீர்த்துக்கொள்வோம். அம்மா நலம். தோப்பில் பிஞ்சு நன்றாக நிற்கிறது, அவர் பகலெல்லாம் அங்கேதான். யாழினியைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

ஒரு வருஷமாக வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குகிறாள். குறட்டை வேறு. "அப்படியே தாத்தா!" என்று அத்தை பூரித்துப்போவார், நானும் சிரிப்பேன். தை மாசக் கடைசியில் ஒரு ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்றது. அப்போதுதான் சரியாகக் கேட்டேன். வந்துகொண்டிருந்த குறட்டை சட்டென்று நின்றது. நெஞ்சுக்குழி உள்ளே இழுக்கிறது, மூச்சு வரவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்ணினேன் மல்லிகா. பிறகு உடம்பு தூக்கிப்போட்டு ஒரு பெருமூச்சு விட்டாள்.

கிருஷ்ணகிரியில் காது மூக்கு தொண்டை டாக்டர் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். மூக்கின் பின்கோடியில், உள்நாக்குக்கு மேலே, அடினாய்டு என்று ஒரு சதை. வாயைத் திறந்தால் தொண்டையில் டான்சில் தெரியும், இது தெரியாது. கிருமியை மறிக்கிற வேலை அதற்கு. எல்லாப் பிள்ளைக்கும் இருக்குமாம். சின்ன வயசில் பெருத்து, வளர வளரத் தானே சுருங்கிவிடும். இவளுக்கு 5 வயசிலேயே வழியை அடைத்துக்கொண்டது. படத்தில் காற்று போகிற கறுப்புத் தடம் அந்த இடத்தில் நூலாக இளைத்திருந்தது.

காதுக்குப் போகிற குழாயின் வாயும் அங்கேதானாம். அது அடைபட்டு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது. பிள்ளைக்குக் காது மந்தம். கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்ததும் முதுகில் ஒன்று வைத்தேன். எதற்கு அடி என்று புரியாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகம் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

மூக்கில் அடிக்கிற ஸ்பிரே ஆறு வாரம் போட்டும் அடைப்பு விடவில்லை. வருகிற புதன்கிழமை ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்து வாய் வழியாகவே எடுத்துவிடுவார்கள், வெளியே தையல் கிடையாது. காது நீரையும் அப்போதே வடித்துவிடுவார்கள்.

உன் சின்னவனும் வாயைத் திறந்து தூங்குகிறான் என்று சரசு அக்கா கல்யாணத்தில் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? இன்றைக்கு ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டு அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார். மூச்சு நடுவில் நின்று நின்று வருகிறதா என்று கேள். வந்தால் தள்ளிப்போடாதே.

புதன்கிழமை வந்துவிடு. ஆபரேஷன் அறைக்கு வெளியே தனியாக உட்கார எனக்குத் தெம்பு இல்லை.

உன்,
கலா