சரிவே இல்லாத ஊரில் மரத்தின் செலவு ஏன் ஏறுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைக்காடுகளில் மரம் தறிப்பதையும், அது ஆலைக்குப் போய்ச் சேரும் வழியையும் எப்படி மதிப்பிடுவது என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் தச்சுவேலை செய்துவிட்டு, இப்போது முழங்கால் விடாததால் வீட்டோடு இருக்கிறவன் நான். மரத்தைப் பற்றி யார் எழுதினாலும் விடமாட்டேன்.

மலையில் செலவைத் தீர்மானிப்பது சரிவும் தெருவும்தான் என்பது நன்றாக விளங்கியது. ஆல்ப்ஸ் மாதிரிச் செங்குத்தான இடங்களில் இயந்திரம் ஏறாது. வடம் கட்டி, தறித்த மரக்குற்றியை அதில் தொங்கவிட்டுத் தெருவுக்கு இழுக்க வேண்டும். வடத்தைக் கட்டி அவிழ்க்கிற கூலிக்கு ஈடாக அந்த வரிசையில் மரம் இல்லாவிட்டால் கட்டுப்படியாகாது. எங்கள் மலையகத்துப் பைன் சரிவுகளுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

ஆனால் இலங்கையின் வடக்கில், எங்கள் வன்னியில் சரிவு எங்கே? மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் தாண்டி முல்லைத்தீவு வரை தட்டை நிலம். மாரியில் சேறு, அவ்வளவுதான். மற்ற மாதங்களில் உழவு இயந்திரம் மரத்தின் அடிக்கே போகும். அப்படியானால் எங்கள் மரம் மலிவாக, மரம் அரிந்து விற்கிற மரக்காலைக்குப் போக வேண்டுமே? போவதில்லை. போனாலும் வளர்த்தவன் கையில் காசு நிற்பதில்லை.

தங்கச்சி வளவில் நடந்ததைச் சொல்கிறேன். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வீடு இல்லை, நாலு தேக்கு மட்டும் நின்றது. மகளின் படிப்புச் செலவுக்காக மச்சான் அதை விற்றார். கன அடிக்கு இவ்வளவு என்று பேச்சு. வியாபாரி நாடாவைச் சுற்றினார்: சுற்றளவு 60 அங்குலம், நீளம் 8 அடி. எங்கள் பக்கம் சுற்றளவை நாலால் பிரித்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 144ஆல் பிரிப்பார்கள். 12.5 கன அடி வரும். உண்மையில் அந்தக் குற்றியில் இருப்பது கிட்டத்தட்ட 16. இது வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு, அரியும்போது போகிற தூளுக்கும் பக்கத்துண்டுகளுக்கும் விட்ட கழிவு. அதில் எனக்குக் கோபமில்லை. வியாபாரி அதற்கு மேல் 'தோலுக்கு', அதாவது பட்டைக்கு, என்று 4 அங்குலம் கழித்து, வெண்கட்டியால் குற்றியிலேயே 56 என்று எழுதினார். கணக்கு 10.9க்கு இறங்கியது. 4 அங்குலம்தானே என்று மச்சான் தலையாட்டிவிட்டார். சுற்றளவில் பதினைந்தில் ஒரு பங்கு குறைந்தால் கன அடியில் எட்டில் ஒரு பங்கு போய்விடும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நான் போய்ச் சேர்ந்தபோது லொறி தெருவில் ஏறிவிட்டது.

மச்சான் ஏன் தானே மரக்காலைக்குக் கொண்டுபோகவில்லை என்று கேட்பீர்கள். கடதாசிதான். சொந்த வளவில் நிற்கிற தேக்கைத் தறித்து ஏற்றிக்கொண்டு போக கிராம அலுவலர், பிரதேச செயலகம், வனவளத் திணைக்களம், அப்புறம் வழி அனுமதி என்று அலைய வேண்டும். நாலு மரத்துக்காக நாலு நாள் கூலியை யார் விடுவான்? அந்த அலைச்சலைத்தான் வியாபாரி விலைக்கு வாங்குகிறார். அனுமதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இயற்கைக் காட்டில் தறிப்பது 1990இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகும் முதிரை, பாலை போன்ற காட்டு மரங்கள் இரவில் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. கடதாசியும் இல்லாவிட்டால் அடிக்கட்டைகூட மிஞ்சாது. ஆனால் காட்டு முதிரைக்கும் வளவுத் தேக்குக்கும் ஒரே சந்தேகப் பார்வை என்றால் எப்படி?

அனுமதியில்லாமல் ஏற்றிப் பிடிபட்ட மரத்தின் கதை இன்னும் மோசம். வழக்கு முடியும்வரை வெயிலிலும் மழையிலும் கிடக்கும். நடுவில் இருக்கிற வைரம் தாங்கும், அதைச் சுற்றியிருக்கிற வெளிறு தாங்காது. கறையான் ஏறியபின் ஏலம் போடுவார்கள். இத்தாலியின் வடக்கு மலைகளில் 2018 ஒக்டோபர் கடைசியில் வாயா புயல் 80 இலட்சம் கன மீற்றருக்கு மேல் மரத்தைச் சாய்த்தது. இழுத்து முடிப்பதற்குள் விலையும் விழுந்தது, பட்டை வண்டும் பெருகியது. அங்கே தாமதத்துக்குக் காரணம் புயல். எங்களிடம் புயல் தேவைப்படுவதில்லை.

இன்னொரு செலவு, உங்கள் மலைக் கட்டுரையில் வராதது. போர் நடந்த இடத்து மரத்துக்குள் செல் துண்டு, அதாவது வெடித்த எறிகணையின் இரும்புத் துண்டு, இருக்கும். வெளியே தோல் மூடி வளர்ந்துவிடும், ஒன்றும் தெரியாது. தறித்த முகத்தில் கருநீலமாக ஒரு கறை ஓடியிருந்தால் உள்ளே இரும்பு என்று நாங்கள் கண்டுகொள்வோம். கறை தெரியாவிட்டால் மரக்காலையில் அரிகிற வாள் கண்டுபிடிக்கும். தங்கச்சியின் தேக்கில் ஒன்று அப்படித்தான் வாள் பல்லை உடைத்தது. மரக்காலைக்காரர் வியாபாரியிடம் கேட்க, வியாபாரி மச்சானிடம் வந்து, கொடுக்க இருந்த மிச்சக் காசில் கழித்துக்கொண்டார். செல்லை அடித்தவன் யாரோ, தண்டம் கட்டியது மச்சான்.

மலைக்காட்டு மரத்தை அடிக்கட்டையிலிருந்து ஆலை வரை ஒவ்வொரு படியாகக் கணக்குப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். சரி, அதே வேலையை இங்கேயும் ஒருமுறை செய்து பாருங்கள். உங்கள் நிருபர் ஒருவர் ஒரே ஒரு தேக்குக் குற்றியை வளவிலிருந்து தளபாடக் கடை வரை தொடர்ந்து போகட்டும். எந்த மேசையில் எத்தனை நாள், எந்த நாடாவில் எத்தனை அங்குலம், எந்தக் கையில் எவ்வளவு காசு என்று குறித்துக்கொள்ளட்டும். மாரிக்கு முதல் வந்தால் நல்லது. நாடா நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர்,
ஒட்டுசுட்டான்.