கண்புரை அறுவைக்கு முன் சொட்டு மருந்து போடுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள செவிலியர்களுக்கும் கண் மருத்துவ உதவியாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் தட்டில் இருக்கும் ஃப்ளர்பிப்ரோஃபென் 0.03% குப்பியைப் பற்றித்தான் எழுதுகிறோம். கேஸ் ஷீட்டில் 'சொட்டு போட்டாச்சு' என்று டிக் இருக்கிறது. எத்தனை மணிக்கு என்பது இருப்பதில்லை. இந்த மருந்துக்கு நேரம்தான் உயிர்.

கண்ணின் பாப்பாவை, அதாவது நடுவிலுள்ள கருந்துளையை, விரிப்பது டிராபிகமைடும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சொட்டு. ஃப்ளர்பிப்ரோஃபென் விரிக்காது, விரிந்தது அறுவையின் நடுவே சுருங்கிவிடாமல் காக்கும். பாப்பாவைச் சுற்றியுள்ள நிறத் திரையான ஐரிஸில் கருவி உரசியதும் அங்கே புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உண்டாகி, பாப்பாவைச் சுருக்கும் தசையை இறுக்குகிறது. டிராபிகமைடு அடைப்பது வேறொரு வழியை, அதனால் இந்த இறுக்கத்தை அது தடுக்காது. ஃப்ளர்பிப்ரோஃபென் புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதையே தடுக்கும். உண்டானதை ஒன்றும் செய்யாது. தியேட்டர் வாசலில் அவசரமாக விடும் ஒரு சொட்டை நம்ப முடியாதது இதனால்தான்.

அறுவைக்கு 2 மணி நேரம் முன்பே தொடங்கி, அரை மணிக்கு ஒன்றாக 4 சொட்டு. 8 மணிக்கு அறுவை என்றால் 6, 6.30, 7, 7.30. இதே வேலைக்கான நெபாஃபினாக் 0.1% சொட்டு என்றால் முதல் நாளே தொடங்கி தினம் 3 வேளை. முகாம் நாளில் படுக்கை வரிசையில் போட்டுக்கொண்டே போகாதீர்கள், தியேட்டர் பட்டியல் வரிசையில் போடுங்கள். கடைசிப் படுக்கைக்காரர் முதல் ஆளாகப் போவதும் உண்டு.

கண்ணுக்குள் ஒரு முழுச் சொட்டுகூடத் தங்காது. அடுத்த மருந்தை உடனே விட்டால் முதலாவது கன்னத்தில் வழிந்துவிடும். நடுவே 5 நிமிடம் இடைவெளி விடுங்கள். கீழிமையை இழுத்து ஒரே சொட்டு விட்டு, கண்ணை மூடச் சொல்லி, மூக்கோர மூலையை ஒரு நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள். குப்பி முனை இமைமயிரில் படக்கூடாது.

நேரம் தவறினால் என்ன ஆகும்? லென்ஸை மூடியிருக்கும் பையைத் திறக்கும்போது 7 மி.மீ. இருந்த பாப்பா, கார்டெக்ஸை (லென்ஸின் மென்மையான வெளிப்பகுதியை) உறிஞ்சும் நேரத்தில் 4 மி.மீ. ஆகிவிடலாம். பையின் ஓரம் தெரியாது. கார்டெக்ஸ் என்று நினைத்து ஐரிஸையோ பையையோ இழுக்க நேரும். பையின் பின்சுவர் கிழிந்தால், கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழான விட்ரியஸ் வெளியே வரும். பத்து நிமிட அறுவை ஒரு மணி நேரமாகும், பார்வைக்கும் ஆபத்து.

சொட்டு விடுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஆஸ்பிரின் அல்லது வலி மாத்திரையால் ஒவ்வாமையோ இளைப்போ வந்ததுண்டா? வந்திருந்தால் டாக்டரிடம் கேட்காமல் போடாதீர்கள். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறாரா? எப்போதோ நிறுத்தியிருந்தாலும் கேஸ் ஷீட்டின் மேலேயே பெரிதாக எழுதுங்கள். அந்த ஐரிஸ் தளர்ந்து அலையும், இந்தச் சொட்டு மட்டும் போதாது. பாப்பாவை விரித்துப் பிடிக்கும் கொக்கியோ வளையமோ எடுத்து வைக்க வேண்டிவரும்.

பிரிவுத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒற்றை டிக் கட்டத்தை எடுத்துவிட்டு, மணி எழுத நான்கு கட்டம் அச்சிடுங்கள். பட்டியல் வரிசை மாறினால் தியேட்டரிலிருந்து வார்டுக்கு அந்த நிமிடமே போன் போகட்டும்.

இப்படிக்கு,
கண் அறுவை அரங்கில் பணிபுரிவோர்