என் மகளுக்கு ஓடி வந்தவர்களுக்கு

வலங்கைமான் பக்கத்து எங்கள் ஊர்க்காரர்களுக்கும், பள்ளிக்கூடத்து டீச்சர்களுக்கும், தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் வணக்கம்.

போன வருஷம் பதினெட்டாம் பெருக்கு கழிந்த வாரம், மூன்றாம் வகுப்பில் இருந்த என் மகளுக்கு வகுப்பிலேயே வலிப்பு வந்தது. அதற்கப்புறம் ஒரு தடவைகூட வரவில்லை. மாத்திரையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் போன மாதம் நிறுத்திவிட்டார்கள். வீடு வீடாக வந்து சொல்லத்தான் ஆசை. தையல் மெஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடிவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் வகுப்பு டீச்சருக்கு. பாப்பாவுக்கு வலது கை தானாக வெட்டி இழுத்து, வாய் ஒரு பக்கம் கோணி, அப்புறம்தான் உடம்பு முழுக்கப் பரவியதாம். கையில் வைக்க ஒருவர் சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார், பல்லுக்கு நடுவே கொடுக்க இன்னொருவர் கரண்டியோடு. டீச்சர் இரண்டையும் விடவில்லை. குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்திவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நாலு நிமிஷம். அந்தக் கணக்கையும், வலது கையில்தான் ஆரம்பித்தது என்பதையும் ஒரு தாளில் எழுதி என்னிடம் கொடுத்தார். தஞ்சாவூரில் டாக்டர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். வலது கையில் ஆரம்பித்தால் மூளையின் இடது பக்கத்தைப் பார்க்க வேண்டுமாம். கோளாறும் அங்கேதான் இருந்தது.

தஞ்சாவூர் போவதற்கு முன்னால் ஒரு இடத்தில் காட்டினோம். ஸ்கேனைப் பார்த்துவிட்டு 'மூளையில் கட்டி' என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். டிபியாக இருக்கலாம், ஆபரேஷன்கூட வேண்டியிருக்கலாம் என்றார்கள். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. எதிர்வீட்டு அக்கா சொல்லாமல் கொள்ளாமல் ஒரு தூக்கு ரசஞ்சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அக்கா, அந்தத் தூக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், நன்றி சொல்லத்தான் விட்டுப்போயிற்று.

தஞ்சாவூர் டாக்டர் அதே படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார். வெள்ளையாகச் சின்ன வளையம், அதற்குள் ஓரமாக ஒரு புள்ளி. வளையம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. அந்தப் புள்ளி பன்றி நாடாப்புழுக் குஞ்சின் தலை என்றார். எனக்கு வயிற்றைப் புரட்டியது. பூச்சி சாகிற நிலையில் இருக்கிறது, உயிரோடு சும்மா இருந்தவரை தெரியாது, சாகும்போது உடம்பு அதை எதிர்க்கிறதே, அந்த வீக்கத்தில்தான் வலிப்பு வருகிறது என்று பொறுமையாகச் சொன்னார். இந்தப் புழு பரவியிருக்கும் பல இடங்களில் வலிப்பு உள்ளவர்களில் 100-க்கு 30 பேருக்கு இதுதான் காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறதாம்.

இப்படி ஒற்றை வளையத்தோடு வருகிறவர்களுக்கு ஒரு காலத்தில் டிபி மாத்திரை கொடுத்தார்கள், இல்லையென்றால் மண்டையைத் திறந்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் என்ற டாக்டர்களும் அவர்களோடு இருந்தவர்களும், எடுத்த கட்டிகளைச் சோதித்துப் பார்த்துப் பலவற்றில் இருப்பது இந்தப் புழுதான் என்று 1990-களில் எழுதியிருக்கிறார்கள். வளையம் 20 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்பது போன்ற அடையாளங்களையும் வகுத்தார்கள். அதனால்தான் என் மகளின் தலையில் கத்தி படவில்லை. அந்த டாக்டர்களுக்கு நன்றி. அதைவிட, அப்போது தலையைக் கொடுத்துப் படுத்தவர்களுக்கு. அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது.

மாத்திரை கொடுப்பதற்கு முன் கண்ணைச் சோதித்தார்கள். கண்ணுக்குள்ளும் பூச்சி இருந்து அது மருந்தில் செத்தால் பார்வைக்கே ஆபத்தாம். அப்புறம் வீக்கத்துக்கு ஸ்டீராய்டு, பூச்சிக்கு ஆல்பெண்டசோல், வலிப்புக்குத் தனி மாத்திரை. ஆல்பெண்டசோலை வெறும் வயிற்றில் கொடுக்காதே, நெய்ச் சோற்றுக்குப் பிறகு கொடுத்தால்தான் நன்றாக உடம்பில் சேரும் என்று சொன்ன நர்ஸ் அம்மாவுக்கு ஒரு கும்பிடு. பள்ளிக்கூடத்தில்தான் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்களே, பிறகு எப்படி என்று அவரிடம்தான் கேட்டேன். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று கொடுப்பது குடலில் இருக்கும் உருண்டைப் புழுவுக்கும் கொக்கிப் புழுவுக்கும், இது வேறு கதை என்றார்.

இப்போது சொல்லச் சங்கடமான பகுதி. 'என்னத்தைத் தின்னக் கொடுத்தாய்' என்று என்னைக் கேட்டவர்கள் ஊரில் உண்டு. எங்கள் வீட்டில் பன்றிக்கறி சமைத்ததே இல்லை. பக்கத்துக் கட்டிலில் இதே நோயோடு இருந்த பையன் வீட்டில் முட்டைகூடத் தொடமாட்டார்கள். சரியாக வேகாத பன்றிக்கறியைத் தின்றால் புழு குடலில் வளரும், அவ்வளவுதான். மூளைக்குப் போவது அந்தப் புழுவின் முட்டையை விழுங்குவதால். குடலில் புழு இருக்கிற மனுஷனின் மலத்தில் முட்டை வெளியே வரும், அது கையில் ஒட்டும், வாய்க்கால் தண்ணீரில் கலக்கும், அதில் அலசிய கீரையில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. என்ன தின்றாள் என்று கேட்காமல் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்டவர்களுக்கு, கேட்டதற்காகவே நன்றி.

வீட்டில் இருக்கிற எல்லாருடைய மலத்தையும் சோதிக்க வேண்டும் என்றார்கள். மாமியார் முகம் சுளித்தார், வீட்டுக்காரர் பேச்சை மாற்றினார். முதலில் டப்பாவை வாங்கிக்கொண்டு போனவன் என் தம்பி. கொத்தனார். வெளியூர் வேலையில் இருந்துவிட்டு வந்து அப்போது எங்களோடுதான் தங்கியிருந்தான். பாப்பாவுக்குக் காது குத்தியது அவன் மடியில்தான். ராத்திரிச் சோறு அவன் உருட்டிக் கொடுத்தால்தான் அவளுக்கு இறங்கும். மூன்று நாள் சோதனையில் ஒரு நாள் அவனுடையதில் முட்டை இருந்தது.

அவனிடமிருந்துதான் வந்தது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். அவன் கேட்கவில்லை. ஒரே ஒரு வேளை கொடுத்த மருந்தில் அவனுக்குச் சரியாகிவிட்டது, மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் ஒன்றுமில்லை. ஆனாலும் அவள் தட்டுப் பக்கம் கையைக் கொண்டுபோகாமலே இருந்தான். கதவு இல்லாமல் விறகு அடுக்கிவைத்திருந்த எங்கள் கொல்லைப்புறக் கக்கூஸை அந்த மாதமே கட்டி முடித்தான், கூலி கேட்காமல் பக்கத்து இரண்டு வீட்டுக்கும் சேர்த்து. இதை எழுதலாமா என்று கேட்டேன். 'எழுது, யாராவது டப்பாவை வாங்கிக்கொண்டு போகட்டும்' என்றான். தம்பி, உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தை மாதம் எடுத்த ஸ்கேனில் வளையம் மறைந்துவிட்டது என்றதும், அவளே உன் முன்னால் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தாளே, அதோடு விடுகிறேன்.

கடைசியாக, அன்று பள்ளிக்கூட வாசலிலிருந்து கும்பகோணம் வரை காசு வாங்காமல் கொண்டுபோய் விட்ட ஆட்டோக்காரருக்கு. அண்ணே, பாப்பா வாயைத் துடைக்க நீங்கள் கொடுத்த நீலக்கரைத் துண்டு இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். ஸ்டாண்டில் இரண்டு தடவை தேடினேன், நீங்கள் வண்டி மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். இந்தப் பக்கம் வந்தால் வாங்கிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா